ரீச்சரிடம் கேளுங்கள்: வரிசையில் எல்லாரும் நின்றோம், பில் யாருக்கு வந்தது?

போன இதழில் யாரோ நாட்டின் பொருளாதார நெருக்கடியைப் பற்றிக் கேட்டதற்கு, "நெருக்கடி முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?" என்று ஒரேயொரு வரி எழுதிவிட்டுத் தப்பிவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இந்த முறை இத்தனை கடிதம். சரி, பக்கம் முழுவதையும் இலங்கையின் 2022 நெருக்கடிக்கே விட்டுவிடுகிறேன். சமையலும் சாதகமும் அடுத்த இதழில். உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பித்த கை, ஒரு கணக்கைக் கண்டால் கரும்பலகையைத் தேடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், அந்த வருடம் டொக்டரும் நின்றார், ஓட்டோக்காரரும் நின்றார், எல்லாருக்கும் ஒரே பெற்றோல் வரிசைதான். நெருக்கடி வந்தால் எல்லாரும் சமம் என்கிறான் என் மச்சான். நான் இல்லை என்கிறேன். யார் சரி? (வாசகர், கொக்குவில்)

நீங்கள்தான் சரி. ஆனால் மச்சானைக் கோபிக்க வேண்டாம், அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். வரிசைக்கு அப்படியொரு மாயம் இருக்கிறது, அதில் நிற்கும்போது எல்லாருடைய முதுகும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நான் இரண்டு வரிசையில் நின்றவள். ஒன்று தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், மற்றது அம்மா வீட்டு அடுப்புக்கு மண்ணெண்ணெய். பெற்றோல் வரிசையில் வாகனங்கள் நின்றன, ஆட்கள் உள்ளே சாய்ந்து கிடந்தார்கள், சில கார்களில் சாரதி மட்டும்தான், முதலாளி வீட்டில். மண்ணெண்ணெய் வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆளே இல்லாதது போல இருக்கும். கான்களை ஒரு நீளக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டு எல்லாரும் மதில் நிழலில் குந்தியிருப்பார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கானோடு கான் மாறிவிடும் என்று பயந்து தன் கானில் சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார், பிறகு பார்த்தால் முன்னால் பத்துப் பேர் அதே யோசனையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள்.

பிறகு 2022 ஓகஸ்ட் முதல் நாடு முழுவதும் கியூஆர் வந்தது, வாகனத்துக்கென்று பதிந்த குறியீட்டைக் காட்டி எரிபொருள் வாங்குகிற முறை. நல்ல திட்டம்தான், வரிசை குறைந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் தொடக்கத்தில் ஒரு வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. வாகனமே இல்லாதவருக்கு என்ன? அவருக்கு பஸ், அந்த பஸ்ஸுக்கு ஏறின கட்டணம். பங்கீட்டு முறை என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று நாங்கள் நினைக்கிறோம், அது சொத்துக்கு இவ்வளவு என்றுதான் பங்கிட்டது.

அதே ஓகஸ்ட் மாதம் இன்னொன்று நடந்தது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. அரசின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, மானிய விலை மண்ணெண்ணெயை டீசலுக்குள் கலந்து ஓடின பேர்வழிகள் இருந்தார்கள், அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஆனால் மண்ணெண்ணெயை யார் பாவிக்கிறார்கள் என்று பாருங்கள்: கரையோரத்தில் வெளிப்பொருத்தி இயந்திரம் வைத்த மீனவர், மலையகத் தோட்டத் தொழிலாளரின் லயம், கரண்ட் இல்லாத வீடு. பெற்றோல் ஏறினபோது தொலைக்காட்சியில் இரவெல்லாம் விவாதம். மண்ணெண்ணெய்க்கு மீனவர்கள்தான் கத்தினார்கள்.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. மாதம் 30 அலகு எரிக்கிற வீடு என்றால் இரண்டு பல்ப், ஒரு மின்விசிறி, ஒரு போன் சார்ஜர். 2022 நடுப்பகுதி வரை அந்த வீட்டுக்கு அலகு 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30, ஆக 105 ரூபாய். ஓகஸ்டில் அலகு 8 ரூபாய், நிலையான கட்டணம் 120, ஆக 360. 2023 பெப்ரவரியில் அலகு 30, நிலையான கட்டணம் 400, ஆக 1,300. ஏழே மாதத்தில் பன்னிரண்டு மடங்கு! பெற்றோல் அதன் உச்சத்தில்கூட, 2022 ஜூனில் 470 ரூபாய்க்குப் போனபோது, ஆறு மாதத்துக்கு முன்பிருந்த விலையின் மூன்று மடங்கைத் தொடவில்லை. இத்தனைக்கும் பெரிய பாவனைக்காரருக்கு ஏறின சதவீதம் இதைவிடக் குறைவு. 2023 ஜூலையில் சின்ன வீடுகளுக்குக் குறைத்தார்கள், உண்மை. இடையில் போன அந்த மாதங்களில் எத்தனை வீட்டுக்கு வயரை வெட்டினார்கள் என்று ஊருக்குள் விசாரித்துப் பாருங்கள்.

மச்சானிடம் சொல்லுங்கள்: வரிசை எல்லாருக்கும் ஒன்று, பில் அப்படி இல்லை.

இதற்கெல்லாம் காரணம் சீனாக் கடனா, பசளைத் தடையா, கொரோனாவா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (வாசகி, வவுனியா)

மூன்றும் இருக்கிறது, ஆனால் நான் தொடங்குவது 2019 கடைசியில். கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியான கையோடு வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறக்கினார்கள், பல நிறுவனங்களைப் பதிவிலிருந்தே விட்டார்கள், சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கிற வரியையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் கடையில் சவர்க்காரத்தின் விலை குறைந்ததா? எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வித்தியாசம் எங்கேயோ தங்கிவிட்டது. அரசின் வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. இவ்வளவு குறைந்த வருமானத்தோடு ஆசுப்பத்திரியும் பள்ளிக்கூடமும் படையும் வைத்து நடத்துகிற நாடு உலகில் மிகச் சில. கடன் தரும் சந்தைக்காரர் இதைப் பார்த்தார்கள், தர மதிப்பீட்டை இறக்கினார்கள், புதுக்கடன் எடுத்துப் பழைய கடனை அடைக்கிற வழி அடைபட்டது. மிச்சத்துக்குக் காசு அச்சடித்தார்கள். கொரோனா வந்து சுற்றுலாவை அடித்தது இதற்கு மேல்தான். 2021இல் ஒரே இரவில் இரசாயனப் பசளைக்குத் தடை போட்டு நெல்லையும் தேயிலையையும் விழுத்தினது அதற்கும் மேல்.

சீனா? கடன்காரரில் ஒருவர், பெரியவர்தான். ஆனால் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு சந்தையில் விற்ற டொலர் பிணைமுறிகள், அதாவது இன்ன தேதியில் வட்டியோடு திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடுத்து வாங்கின கடன். 2022 ஜனவரியில், கையிருப்பு வற்றிக்கொண்டிருக்கும்போதே, அதில் ஒன்றுக்கு 500 மில்லியன் டொலரை முழுதாகக் கட்டினார்கள். அந்தக் காசுக்கு எத்தனை கப்பல் எரிவாயு, எத்தனை கப்பல் மருந்து என்று அப்போதே பொருளியலாளர்கள் கேட்டார்கள். கட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 12ஆம் தேதி இனி வெளிக்கடன் கட்டமுடியாது என்று அறிவித்தார்கள். ஜனவரியில் அந்தக் காசை வாங்கினவர் தப்பினார். அவ்வளவுதான் அதன் பலன்.

நாங்கள் தோட்டத்தில் ஆயிரம் ரூபாய்க்கு வருடக்கணக்காகப் போராடினோம். கிடைத்தும் ஒன்றுமில்லாமல் போய்விட்டதே. என் மகள் கேட்கிறாள், அம்மா அப்போது போராடினது வீணா என்று. (வாசகி, ஹட்டன்)

உங்கள் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை வாசித்தேன்.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாளுக்கு ஆயிரம் வந்தது, 900 அடிப்படை, 100 படி. அன்றைக்கு டொலர் 200 ரூபாயை ஒட்டி, ஆக ஐந்து டொலர். 2022 மார்ச்சில் ரூபாயைக் கட்டிப்பிடிக்காமல் சந்தை விலைக்கு மிதக்க விட்டார்கள், மே மாதத்தில் டொலர் 360க்கு மேல் நின்றது. அதே ஆயிரம் ரூபாய் அப்போது மூன்று டொலர்கூட இல்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ஆனபோது டொலர் 300 அளவில், கணக்குப் போட்டால் நாலரை. சம்பளம் மூன்று வருடத்தில் 350 ரூபாய் ஏறி, டொலரில் பழைய இடத்துக்கே வந்து சேரவில்லை.

நீங்கள் சம்பளத்தை டொலரிலா செலவழிக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள். ஒரு விதத்தில் ஆம். லயத்தில் மூன்று நேரமும் ரொட்டிதான் என்றால் கோதுமை மா, கோதுமை விளைவது இந்த நாட்டில் இல்லை. மாவின் விலை ஒரு வருடத்துக்குள் மூன்று மடங்குக்கு மேல் போனது. இன்னொரு பக்கம், நீங்கள் கிள்ளுகிற கொழுந்து கொழும்பு ஏலத்துக்குப் போய் டொலருக்குப் போகிறது. ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்காரருக்கு ஒரு டொலருக்குக் கூட ரூபாய். பசளை இல்லாமல் விளைச்சல் விழுந்தது, எண்ணெய்ச் செலவு ஏறியது, அதனால் கம்பனிகள் எல்லாம் கொள்ளை இலாபம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேயிலையின் விலை டொலரோடு நடந்தது, கொழுந்து கிள்ளினவரின் சம்பளம் அதே இடத்தில் இருந்தது.

இதற்குள் கிலோ கணக்கு வேறு. மூன்று வருடத்துக்கு முன்பு உங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு நாள் நின்றேன். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிலோ கொஞ்சம் குறைந்துவிட்டது, ‘அரைப்பேர்’ போட்டார்கள், அரைநாள் சம்பளம்தான். காலையில் ஏழு மணிக்கு முன்னமே மலை ஏறினவள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சாக்கை உதறினாள், அட்டை ஒன்று காலில் கடித்திருந்தது, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். ஆயிரம் ரூபாய் என்பது முழுப்பேர் விழுந்தால்தான் ஆயிரம். பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு, என்னையும் சேர்த்து, இது தெரியாமல் இருந்தது.

உலக வங்கிக் கணக்கில் நாட்டில் வறுமை 2021இல் 13 சதவீதமாக இருந்தது, ஒரு வருடத்தில் 25க்குப் போனது. தோட்டப் பக்கத்தில் பாதிக்கு மேல்.

மகளுக்கு என்ன சொல்வது? அந்த ஆயிரத்துக்கு நீங்கள் நிற்காமல் இருந்திருந்தால் 2022ஐ எழுநூறு சொச்சத்தோடு சந்தித்திருப்பீர்கள் என்று சொல்லுங்கள். அதோடு ஒன்று, உங்கள் சங்கங்கள் விலை ஏறுகிறபோது தானாக ஏறுகிற படியைக் கேட்பதை ஏன் நிறுத்தின என்று அவள் கேட்கட்டும். அது நல்ல கேள்வி.

சிறிமா அம்மையார் காலத்தில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது என்கிறார்கள். நாங்கள் வெங்காயமும் செத்தல் மிளகாயும் விற்றுக் கல்வீடு கட்டினோம். நெருக்கடி எங்களுக்கு நல்லதுதானே செய்தது? (வாசகர், கிளிநொச்சி)

ஐயா, செய்தது. மறைக்க என்ன இருக்கிறது! சிறிமா பண்டாரநாயக்க பிரதமராக இருந்த 1970இல் இருந்து 77 வரை இறக்குமதியை இறுக்கினார்கள், வெளிநாட்டு மிளகாய் வரவில்லை, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனும் வன்னிக்குக் காடு வெட்டப் போனவனும் தலை நிமிர்ந்தான். மிளகாய்க் காசில் படித்துப் பட்டதாரியானவர்கள் எனக்கு மூத்தவர்களில் நிறையப் பேர், என் வீட்டிலும் ஒருவர். 1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததும் அந்த விலை போனது, இளைஞர்களின் கோபத்துக்கு அதுவும் ஒரு விறகு என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அதே வருடங்களில், அதே கொள்கைக்குக் கீழே, தோட்டங்களில் மா பங்கீடு வெட்டப்பட்டு 1973, 74இல் பட்டினியால் செத்தார்கள். அரிசியை மாவட்டத்துக்கு மாவட்டம் கொண்டு போனால் பிடித்தார்கள், கொழும்பு பஸ்ஸில் அரிசி ஒளித்துக் கொண்டு வந்த கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களிடம் நிலமும் கிணறும் இருந்தன. அவர்களிடம் வீட்டுக்கு முன்னால் கீரை போடக்கூடத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்க வேண்டிய நிலை. விலை ஏறுகிறபோது விற்கிறதற்குக் கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

எங்கள் ஊழியர் சேமலாப நிதியத்தில் கைவைத்தார்களா இல்லையா? ஒருவர் வைத்தார்கள் என்கிறார், மந்திரி இல்லை என்றார். நான் கட்டுநாயக்கவில் தைக்கிறேன், பதினோரு வருடம். (வாசகி, நீர்கொழும்பு)

தங்கச்சி, சம்பளத்தில் மாதாமாதம் கழித்து வயதான காலத்துக்குச் சேர்க்கிற அந்த நிதியத்தில் இரண்டு முறை வைத்தார்கள், ஒன்று சத்தமில்லாமல், மற்றது சட்டத்தோடு.

சத்தமில்லாதது முதலில். 2022க்கு உங்கள் மீதிக்கு 9 சதவீதம் வட்டி போட்டார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் விலைவாசி கொழும்பில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது, டிசம்பரில்கூட 57. நூறு ரூபாய் வைத்திருந்தீர்கள் என்று வையுங்கள், வருட முடிவில் புத்தகத்தில் 109. ஆனால் முன்பு நூறு ரூபாய்க்கு வாங்கின சாமானுக்கு இப்போது 157 வேண்டும். யாரும் உங்கள் கணக்கைத் தொடவில்லை, மந்திரி சொன்னது உண்மை. தொடாமலே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

சட்டத்தோடு வந்தது 2023இல். சர்வதேச நாணய நிதியம் அந்த வருடம் மார்ச் 20ஆம் தேதி மூன்று பில்லியன் டொலர் அளவில் நான்கு வருடக் கடனுக்குச் சம்மதித்தது, பதிலுக்குக் கடன்சுமையைக் குறைக்க வேண்டும். வெளிநாட்டுக்காரரோடு பேசவேண்டும், உள்நாட்டிலும் யாராவது விட்டுக்கொடுக்கவேண்டும். உள்நாட்டில் அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வங்கிகளும் ஓய்வுகால நிதியங்களும். வங்கிகளைத் தொட்டால் வங்கிகள் விழும், சேமிப்புக்காரர் ஓடுவார்கள் என்று அவற்றின் திறைசேரிப் பிணைமுறிகளை விட்டுவிட்டார்கள். மிச்சம் யார்? உங்கள் நிதியம். பழைய உயர்ந்த வட்டிப் பிணைமுறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் தருகிற புதியதை வாங்கிக்கொள், மறுத்தால் உன் வருமானத்துக்கு வரி 14 இல்லை, 30 என்றார்கள். இதை எங்கள் ஊரில் பேரம் என்று சொல்லமாட்டோம்.

எப்போது நடந்தது என்பதையும் கவனியுங்கள். ஜூன் கடைசியில் ஒரு விசேட வங்கி விடுமுறை விட்டு, ஐந்து நாள் வங்கி மூடியிருக்கையில், ஜூலை முதலாம் தேதி சனிக்கிழமை பாராளுமன்றத்தில் 122க்கு 62 என்று நிறைவேற்றினார்கள். சனிக்கிழமை உங்கள் தொழிற்சாலையில் ஓவர்டைம் இருந்திருக்கும்.

பிணைமுறி வைத்திருந்த வெளிநாட்டுக்காரர் என்ன விட்டுக்கொடுத்தார்கள்? 2024 டிசம்பரில் முதலில் 27 சதவீதம். ஆனால் நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தால் அதில் ஒரு பகுதி அவர்களுக்குத் திரும்பப் போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள். நாடு நன்றாக வந்தால் தங்கச்சிக்குத் திருப்பித் தரவேண்டும் என்று சேமலாப நிதியத்துக்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை, எழுதச் சொல்லி மேசைக்கு அந்தப் பக்கத்தில் உங்கள் சார்பில் யாரும் இருக்கவுமில்லை.

உங்கள் கட்டுநாயக்கவில்தான் 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகத் தையல் பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள், பொலிஸ் சுட்டதில் ஒரு இளம் தொழிலாளி செத்தார், அரசு சட்டமூலத்தைத் திருப்பி எடுத்தது. 2023இல் ஏன் அப்படி நடக்கவில்லை? சனம் களைத்துப்போயிருந்தது, பலர் வேலை போய் ஊருக்குப் போயிருந்தார்கள், மற்றும் பிணைமுறி, கூப்பன், முதிர்வு என்ற பாஷை வீதிக்கு இறங்கி வராது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தால் வாருங்கள், கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன், தோழிகளையும் கூட்டி வாருங்கள்.

உண்டியலில் வீட்டுக்குக் காசு அனுப்பினோம். நாட்டை நாங்கள்தான் கவிழ்த்தோம் என்று இங்கே ஒருவர் திட்டினார். உண்மையா? (வாசகர், ரொறன்ரோ)

கொஞ்சம். உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு மாற்றுவது. வெளிநாட்டு உழைப்பாளர் வங்கி வழியாக அனுப்பினது 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8. பெரிய ஓட்டைதான். ஆனால் வங்கியில் டொலர் 203 என்று கட்டிப்போட்டு வைத்துவிட்டு உண்டியலில் 250 என்றால், குவைத்தில் அடுத்தவர் வீட்டைக் கழுவி அம்மாவுக்கு மருந்துக்கு அனுப்புகிற பெண் எந்தப் பக்கம் போவாள்? அந்தக் கட்டின விலையில் இறக்குமதி செய்தவர்களைத் திட்டட்டும் முதலில். உங்களைத் திட்டினவர் எப்படி அனுப்பினார் என்று கேட்டீர்களா?

காலிமுகத்திடலில் அவ்வளவு பேர் நின்றபோது வடக்கு ஏன் சும்மா இருந்தது? (வாசகர், வெள்ளவத்தை)

ஜனாதிபதியைப் போகச் சொல்லிக் கொழும்பில் அந்தப் போராட்டம் நடந்தபோது வடக்கு சும்மா இருக்கவில்லை, ஆனால் கொழும்பு அளவுக்கு எழும்பவில்லை. 13 மணித்தியால மின்வெட்டு என்று கொழும்பு தலையில் கைவைத்த அன்று எங்கள் அம்மா கேட்டார், "பிறகு கரண்ட் வருமோ?" என்று. வரும் என்றேன். "அப்ப என்ன?" என்றுவிட்டுப் போனார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கு மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடை செய்யப்பட்ட சாமான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வைத் திரிக்குக் குழாயாக்கி எரிப்போம். அந்த வெளிச்சத்தில் உயர்தரம் எழுதினவள் நான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்போம். அப்போது எங்கள் வரிசையைப் பார்க்கக் காலிமுகத்திடலில் ஒருவரும் வரவில்லை என்ற கசப்பு ஊரில் இருந்தது, அதைச் சின்னப் புத்தி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் 2022 மே 18ஆம் தேதி அதே திடலில், போரின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைத்து, முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், சிங்களப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். கொழும்பில் நடக்கும் என்று நான் நினைத்திராத காட்சி. அதை வைத்துக்கொண்டு எல்லாம் மாறிவிட்டது என்று துள்ளவும் மாட்டேன்.

ஜனாதிபதியை ஓட விட்டோம், பிறகு புது ஆட்சியும் வந்தது. உண்மையில் என்ன மாறியது? (வாசகர், திருகோணமலை)

இதற்கு 1953க்குப் போகவேண்டும். ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக்கினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மத்தியான உணவையும் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 12இல் கடையடைப்பும் வேலைநிறுத்தமுமாக ஹர்த்தால். மந்திரிசபை பயந்து துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு எந்த அரசும் அரிசி மானியத்தில் கைவைக்கத் தயங்கியது. அந்தப் பயம்தான் ஹர்த்தாலின் வெற்றி.

2022 ஜூலை 9இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல்குளத்தில் குதித்தது, அவர் மாலைதீவு வழியாகச் சிங்கப்பூருக்குப் போய் 14ஆம் தேதி விலகினார். ஆட்களின் அளவில் பார்த்தால் 53ஐவிடப் பெரிது. ஆனால் பயம் எங்கே தங்கியது? பாராளுமன்றம் ஒரு வாரத்துக்குள் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவு செய்தது, அவர் திடலைப் படையைக் கொண்டு வெறுமையாக்கினார், வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம், யாழ்ப்பாண மாவட்டத்திலேயே முதலிடம், என் தெருவில் பரம்பரைத் தமிழரசுக் கட்சி வீடுகள் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டன. ஆட்களின் வர்க்கம் மாறியது, பாராளுமன்றத்துக்குள் முன்பு கால் வைக்காத குடும்பங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், மலையகத் தமிழ்ப் பெண்களும் வந்தார்கள். நாணய நிதியத்தின் திட்டம் மட்டும் புது ஆட்சியிலும் அப்படியே தொடர்ந்தது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிதாகத் தெரிகிற மாற்றம் 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராங்கொடையில் நடந்தது. நுண்கடன் வட்டிக்கு எதிராகச் சிங்களக் கிராமத்துப் பெண்கள் கொட்டில் போட்டு நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் சொன்னது, கிழமைக்கொரு நாள் வாசலில் வந்து நிற்கிற வசூல்காரன், அவன் வரும் நேரம் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற கதை, முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அதற்கு முன்பே எங்கள் பெண்கள் சொன்ன அதே கதை. தொலைக்காட்சிக் கமரா அங்கே அதிகம் போகவில்லை.

ரீச்சர், பால்மா தட்டுப்பாட்டு நேரம் நீங்கள் பால் தேத்தண்ணி குடித்தீர்களா? (மாணவி, மட்டக்களப்பு)

இல்லை பிள்ளை. கடைகளில் பால் தேத்தண்ணி ஒரு கோப்பை 100 ரூபாய் ஆனதும் விட்டவள்தான். வெறும் தேத்தண்ணி, ஒரு துண்டு பனங்கட்டி, கடித்துக் கடித்துக் குடிப்பது. இப்போது பால்மா கிடைக்கிறது, ஆனால் பழகிவிட்டது. தம்பி வருகிற அன்றைக்கு மட்டும் 400 கிராம் பைக்கற் ஒன்று வாங்குவேன், அவன் வெளிக்கிடும்போது மிச்சத்தை ரப்பர் பட்டி போட்டுக் கட்டிக் கையில் கொடுத்துவிடுவேன்.